இரண்டு கண்ணிவெடிக் கருவிகளும் ஒரு கயிறும்

என்னுடைய 1956ஆம் ஆண்டு நாட்குறிப்பில் பாதிக்கு மேல் அரசியல்தான் இருக்கிறது. பிப்ரவரியில் மலாக்காவின் பண்டா ஹிலிர் திடலில் மலாயாவின் சுதந்திரத்துக்கான தேதியை அறிவித்தபோது நானும் கூட்டத்தில் நின்றேன். வீட்டுக்கு வந்ததும் நான்கு பக்கம் எழுதினேன். சித்திரா பௌர்ணமிக்குப் பிறகு அரசியல் திடீரென்று நின்றுபோகிறது. அடுத்த ஏழு வாரங்களுக்கு கடல் ஏறி வற்றும் நேரங்களும், சாண் கணக்கில் அளவுகளும், இரண்டு இயந்திரங்களைப் பற்றிய குறிப்புகளும் மட்டுமே. இப்போது புரட்டிப் பார்க்கிறவர் நான் வேலையை விட்டுவிட்டுப் புதையல் தேடப் போனேன் என்றே நினைப்பார். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு.

காஜா பேராங்கில் எங்கள் வரிசை வீடுகளில் அடுத்த வீட்டுக்காரர் ஒரு தண்டல். கீழக்கரைக்காரர். மலாக்கா ஆற்று முகத்தில் ஆழம் கிடையாது. கப்பல்கள் வெளியே கடலில் நிற்கும். தொங்காங் என்ற பெரிய சரக்குப் படகுகள் போய்ச் சரக்கை இறக்கி ஆற்றுக்குள் கொண்டுவரும். அப்படிப்பட்ட ஒரு தொங்காங்கின் தலைவர் அவர். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். நான் அவரை அண்ணன் முறையில் நானா என்பேன். நில அளவை அலுவலகத்தில் எழுத்தர் வேலை பார்த்ததால் அவருக்கு நான் கிராணியார்.

மே மாதம் ஒரு புதன்கிழமை பிற்பகல், சுமாத்திரா என்று இங்கே சொல்லும் திடீர்க் காற்று மேற்கிலிருந்து அடித்தது. அவருடைய தொங்காங் அப்போது கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் இருந்தது. உள்ளே அரிசி மூட்டைகள். மேல்தளத்தில் மின்கம்பங்களுக்கான செம்புக் கம்பிச் சுருள்கள் எட்டு, ஒவ்வொன்றும் சாக்கில் சுற்றியவை. படகு ஒரு பக்கம் சாய்ந்தபோது எட்டும் வழுக்கிக் கடலில் விழுந்தன. கூட இருந்த இரண்டு ஆட்கள் உள்ளே தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். விழுந்ததைக் கண்டவர் அவர் ஒருவர்தான்.

மறுநாள் அவர் காட்டிய இடத்தில் கொக்கி போட்டு இழுத்தார்கள். சேற்றைத் தவிர ஒன்றும் வரவில்லை. படகு முதலாளியான சீனத் தவுக்கே மோசமானவர் அல்லர். பன்னிரண்டு வருஷம் இவரை நம்பிப் படகைக் கொடுத்தவர். ஆனால் கப்பல் முகவர்கள் அவரை நெருக்கினார்கள். செம்பு என்றால் பழைய இரும்புக் கடைக்காரன் கேள்வி கேட்காமல் வாங்குவான் என்பதும் எல்லாருக்கும் தெரியும். ஆற்றங்கரைப் படித்துறையில், மூட்டை தூக்குகிறவர்கள் அத்தனை பேருக்கும் முன்னால், தவுக்கே அவரைப் பார்த்து மலாயில் “திருடன்” என்றார். ஜூன் கடைசிக்குள் சுருள்கள் வராவிட்டால் போலீசுக்குப் போவதாகவும் சொன்னார். போலீசில் பெயர் ஏறிவிட்டால் இந்தக் கரையில் எந்தப் படகிலும் அவர் சுக்கான் பிடிக்க முடியாது.

அன்று மாலை நானா என்னிடம் இவ்வளவுதான் சொன்னார்:

“விழுந்த எடம் எனக்குத் தெரியும் கிராணியாரே. குன்று மேல ஈக்கிற வெளிச்சவீடும் தெங்கேராப் பள்ளிவாசல் மினாராவும் எனக்கு அடையாளக் கணக்கு. ஆனா சேறு முழுங்கிடுச்சு. சேத்துக்குள்ள கண்ணு ஏது?”

சேற்றுக்குள் கண் உண்டு என்று ஒரு பத்திரிகையில் நான் படித்திருந்தேன். வெளிநாடுகளில் மூழ்கிய கப்பல்களைத் தேடுகிறவர்கள், போரில் கண்ணிவெடி தேடப் பயன்பட்ட கருவியைத் தண்ணீருக்குள் இறக்குகிறார்களாம். மலாக்காவிலிருந்து செல்வத்தை ஏற்றிப் புறப்பட்ட போர்த்துக்கீசியர் கப்பல்களைப் பற்றியும் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தவன் நான். அந்தக் கட்டுரையை நறுக்கி வைத்தது செம்புச் சுருளுக்காக அல்ல. இதை இங்கேயே சொல்லிவிடுவது நேர்மை.

தெங்கேராவில், ராணுவம் கழித்த சாமான்களை வாங்கி விற்கிற ஒரு தமிழர் கடை இருந்தது. போருக்கு முன் லாரி மெக்கானிக்காக இருந்தவர். கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் முடியாத நேரம்; இப்படிப்பட்ட கருவியைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தால் பிடித்துப்போவார்கள். அதனால் முதலில் காவல் நிலையத்தில் காரணம் சொல்லி ஒரு சீட்டு வாங்கிக்கொண்டேன். கடைக்காரர் சீட்டைப் படித்துவிட்டு, பின்கட்டிலிருந்து இரண்டு மரப்பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்தார்.

இரண்டிலும் ஒரே அமைப்புதான். வால்வும் பேட்டரியும் உள்ள பெட்டி, காதில் மாட்டும் ஹெட்போன், நீண்ட கம்பின் நுனியில் ஒரு தட்டு. தட்டுக்குள் கம்பிச்சுற்று இருக்கும். அதன் அருகே உலோகம் வந்தால் காதில் சத்தம் கேட்கும். ஒன்றின் தட்டு வட்டம், மற்றதன் தட்டு நீள்வட்டம். வட்டத் தட்டு புதிதாக இருந்தது. பெட்டியில் சுருதி சேர்க்க மூன்று திருகுகள். நீள்வட்டத் தட்டில் பச்சைப் பூச்சு உரிந்திருந்தது, ஒரே திருகு.

நான் ஒவ்வொன்றாகக் காதில் மாட்டி, கடையில் கிடந்த ஸ்பேனரையும் பித்தளைக் குழாயையும் தட்டிடம் நீட்டி, சாண் போட்டு அளந்தேன். அரை மணி நேரம் ஆகியிருக்கும்.

“கிராணி ஐயா, மிஷினு பாக்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?” என்றார் கடைக்காரர். “ஜாதகம் வேணும்னா அதையும் எழுதித் தர்றேன் லா.”

“கடலுக்குள்ள இறக்கணும். எது நல்லதுன்னு தெரிய வேணாமா?”

“கடலுக்குள்ளயா? நான் வித்தது எல்லாம் ரோட்டுக்கு. சரி, ரெண்டையும் தூக்கிட்டுப் போங்க. மூணு நாளுல ஒண்ணு திரும்பி வரணும். ரெண்டும் முங்கிட்டா நானும் வந்து உங்களோட முங்குவேன்.”

முதல் சோதனையை எங்கள் கொல்லையில் வைத்தேன். அது வீணானது. எங்கள் பக்கத்து மண் இரும்புச் சத்துள்ள செம்பாறைக் கல். தட்டைத் தரையில் வைத்ததுமே இரண்டு கருவிகளும் முனகின. தண்ணீருக்குள் சோதிப்பதே முறை என்று முடிவு செய்து, பின்வீட்டில் இருந்த, தமிழ் மறந்து மலாய் பேசும் மலாக்காச் செட்டி குடும்பத்தின் கிணற்றைக் கேட்டேன். அந்தப் பெரியம்மா சிரித்துக்கொண்டே மலாயில் சம்மதித்தார். செம்புச் சுருளுக்குப் பதிலாக எதைப் போடுவது? வீட்டில் இருந்த ஒரே பெரிய செம்புப் பொருள் என் மனைவி சீராகக் கொண்டுவந்த குடம்.

“கிணத்துல குடம் விழுந்தா அழுவாங்க. நீங்க என்னடான்னா வேணும்னே போடறீங்க” என்றாள். “கயிறு அறுந்துச்சுன்னா பாதாளக் கரண்டி இந்த ஊர்ல யாரு தருவா?”

“இரட்டைக் கயிறு கட்டியிருக்கேன்.”

“கட்டுங்க, கட்டுங்க. ராத்திரி ரசத்துக்கு உங்க மிஷின்லயே தண்ணி மொண்டு தாங்க.”

குடத்தைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டு, தட்டைச் சிறிது சிறிதாக அருகே கொண்டுபோனேன். ஒவ்வொரு கருவிக்கும் பத்துத் தடவை. வட்டத் தட்டு இரண்டரைச் சாண் தூரத்திலேயே குடத்தைக் கேட்டது. நீள்வட்டம் ஒரு சாணுக்குள் வந்தால்தான் வாயைத் திறந்தது. வட்டத்தில் ஒரு குறை: சுருதி நிலைக்காது. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை திருகை லேசாகத் திருப்பினால்தான் ஹெட்போனில் அமைதி வரும். நீள்வட்டத்தை ஒருமுறை வைத்துவிட்டால் அப்படியே கிடந்தது. இதையெல்லாம் குறித்த அட்டவணையின் கடைசிப் பத்தியில் “சிறு குறை” என்று எழுதினேன். இன்றும் அந்தப் பக்கம் என்னிடம் இருக்கிறது. அந்த இரண்டு சொற்களை மட்டும் என்னால் நிதானமாகப் படிக்க முடிவதில்லை.

நீள்வட்டத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

நானா வட்டத் தட்டைப் படகுக்குச் செய்வதுபோலவே செய்தார். குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி மூன்று பூச்சுப் பூசி, அதன்மேல் லாரி டியூபை வெட்டி இழுத்துக் கட்டி, விளிம்பில் மீண்டும் குங்கிலியம். ஒரு துளி தண்ணீர் உள்ளே போகவில்லை. மூழ்குகிறவரும் அவரேதான். இளவயதில் ஊரில் சங்கு குளித்தவர். கல்லைக் காலில் கோத்துக்கொண்டு இறங்கி, மூச்சு உள்ளவரை அடியில் இருந்து, இடுப்புக் கயிற்றை ஆட்டினால் மேலே இருப்பவர் இழுத்துவிட வேண்டும். இங்கே நான் சம்பான் என்ற சிறு படகில் உட்கார்ந்து ஹெட்போனில் கேட்க வேண்டும். அவர் அடியில் தட்டைச் சேற்றின்மேல் நகர்த்துவார். சத்தம் கேட்டால் நான் கயிற்றை மூன்று தடவை சுண்ட வேண்டும். மூச்சு முடிந்தால் அவர் இரண்டு தடவை இழுப்பார். உடனே நான் தூக்க வேண்டும்.

எல்லாம் பேசி முடித்த பிறகு அவர் தயங்கினார்.

“கயிறு புடிக்கிறது யாருங்கிறதுலதான் ஒரு சங்கதி ஈக்கிது. எங்க ஊர்ல மச்சான்தான் புடிப்பான். பொண்டாட்டியோட கூடப்பொறந்தவன். தங்கச்சி தாலியை நெனச்சாவது கவனமா இருப்பான்ல? மத்தவன் கையில குடுக்க மாட்டாங்க.”

அவருடைய மச்சானும் மலாக்காவில்தான் இருந்தார். ஜப்பானியர் காலத்தில் சயாம் ரயில் வேலைக்குப் போனவர், திரும்பவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நானாவின் மனைவி இதைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். என்னை ஏறெடுத்துப் பார்த்தார்.

“இன்னைலேந்து நீங்க எனக்கு அண்ணன். முறை சரியாப் போச்சா? கயித்தப் புடிங்கண்ணே.”

“கேட்டியா மச்சான்? இனிமே பெருநாளைக்குச் சேலை எடுத்துக் குடுக்கணும், பாத்துக்க” என்றார் நானா. கிராணியாராக இருந்த நான் அந்த நிமிஷத்தில் மச்சான் ஆனேன். ‘ங்க’ போய் ‘டா’வும் வந்தது.

வைகாசி அமாவாசை வெள்ளிக்கிழமையில் வந்தது. அமாவாசையிலும் பௌர்ணமியிலும்தான் தண்ணீர் நன்றாக வற்றும். அந்த இடத்தில் ஒன்றரை ஆள் ஆழம்தான் இருக்கும். அலுவலகத்தில் விடுப்பு எடுத்தேன். பகல் தொழுகைக்குள் அவர் திரும்ப வேண்டும். காலையிலேயே சம்பானை நங்கூரமிட்டு, தட்டை இறக்கினோம்.

ஹெட்போனில் ஒரு ஊளை எழுந்தது. கிணற்றில் கேட்காத ஊளை. தட்டு உப்புத் தண்ணீரைத் தொட்டதும் கருவி கடல் முழுவதையும் உலோகமாக எண்ணிக்கொண்டது. நான் நல்ல தண்ணீரில் சோதித்துத் தேர்ந்தெடுத்திருந்தேன். உப்பை நினைக்கவே இல்லை. சாண் சாணாக அளந்து குறித்த எனக்கு இது தோன்றாமல் போனது வெட்கம்தான். ஆனாலும் திருகைத் திருப்பிக்கொண்டே இருந்தால் ஊளை அடங்கியது. கை எடுத்தால் மறுபடி எழுந்தது. வலக்கையில் திருகு, இடக்கையில் கயிறு என்று வைத்துக்கொண்டேன்.

நான்கு முறை இறங்கினார். நான்கு முறையும் சரியாக இழுத்தேன். ஐந்தாவது முறை, ஊளைக்கு அடியில் வேறொரு சத்தம் கேட்டது. கனமான, அகலமான ரீங்காரம். சுருள் இப்படி இராது என்று பட்டது. என் மனம் எங்கே போயிற்று என்பதை மறைக்க மாட்டேன். பீரங்கி என்று நினைத்தேன். வெண்கலப் பீரங்கி, நானூறு வருஷம் சேற்றில் கிடந்த கப்பல். சத்தத்தைத் தெளிவாக்க இரண்டாவது திருகும் வேண்டியிருந்தது. கயிற்றைத் தொடையில் அமுக்கிக்கொண்டு இரண்டு கைகளையும் பெட்டியில் வைத்தேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. நேரத்தைக் குறித்துவைக்காத ஒரே சந்தர்ப்பம் அது. கயிறு என் தொடையிலிருந்து உருவிக்கொண்டு ஓடியபோதுதான் விழித்தேன். பிடித்து இழுத்தேன். அதற்குள் அவர் காலிலிருந்த கல்லை உதறி, சேற்றை உதைத்துத் தானாகவே மேலே வந்துகொண்டிருந்தார். சம்பான் விளிம்பைப் பிடித்தபோது உதடு நீலம். வாந்தி எடுத்தார்.

பிறகு சொன்னது: “ரெண்டு தடவை இல்லடா. ஆறு தடவை இழுத்தேன்.”

நான் வாயைத் திறந்தேன்.

“ஒண்ணும் சொல்லாத. கயிறு புடிச்ச கை வேற எதையும் தொடக்கூடாது. அவ்வளவுதான். வா, தொழுகைக்கு நேரமாகுது.”

என் காதில் பீரங்கியாக ஒலித்தது ஒரு பழைய நங்கூரச் சங்கிலி. அவர் அடியில் கையால் தடவிப் பார்த்திருந்தார்.

அன்று மாலை அவர் மனைவியிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் தன் வீட்டில் சொல்லியிருக்க மாட்டார் என்று தெரியும்; அதுவே என்னை அரித்தது. பீரங்கி உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். அந்தம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். ஒரு கேள்விதான் கேட்டார்.

“ரெண்டு மிஷின் கொண்டாந்தீங்கள்ல அண்ணே. அதுல கையே வேணாங்கிறது எது?”

என் அட்டவணையில் ஒன்பது பத்திகள் இருந்தன. அந்தக் கேள்விக்கு ஒரு பத்தி இல்லை.

“நீள்வட்டம். ஆனா அது ஒரு சாணுக்குத்தான் கேட்கும். தேட நாளாகும்.”

“நாளாகட்டும். ரெண்டு கையும் கயித்துல இருக்கட்டும்.”

மறுநாள் கருவியைத் தூக்கிக்கொண்டு தெங்கேராவுக்குப் போனேன். பச்சை உரிந்த நீள்வட்டத் தட்டு இன்னும் விற்காமல் கிடந்தது.

“என்ன ஐயா, அந்தப் பொண்ணு குடும்பத்துக்கு ஆகலையா?” என்றார் கடைக்காரர். நடந்ததைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்தினார். பேட்டரியைப் புதிதாக மாற்றி, கேபிள் இணைப்பைத் தானே மறுபடி பற்றவைத்துக் கொடுத்தார். “போர் நேரத்துல இதைப் புடிச்சிக்கிட்டு நடந்தவனுக்கு எதிர்ல குண்டு பறக்கும் ஐயா. திருகைத் திருப்ப அவனுக்கு ஏது நேரம்? அதான் இது இப்படி” என்றார். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்று கேட்கத் தோன்றியது. நான் கேட்டது தூரத்தைப் பற்றி மட்டும்தான் என்பதும் நினைவுக்கு வந்தது.

அடுத்த வற்றம் ஆனிப் பௌர்ணமி; சனிக்கிழமை. அதை விட்டால் மாதக் கடைசிக்குள் வேறு கிடையாது. நீள்வட்டத் தட்டுக்கும் குங்கிலியமும் டியூபும் ஆயிற்று. ஒருமுறை சுருதி வைத்துப் பெட்டியை மூடி, அதன்மேல் சாக்கைப் போட்டு, ஹெட்போனைத் தலையோடு துண்டால் கட்டிக்கொண்டேன். உப்புத் தண்ணீரில் அது லேசாக முணுமுணுத்ததோடு சரி. இரண்டு கைகளிலும் கயிறு.

நானா இறங்குவதற்கு முன் என்னைப் பார்த்தார். வேறு யாரையாவது வைத்துக்கொள்ளுங்கள் என்று இரண்டு வாரமாக நான் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

“ஒரு தடவை பயந்தவன்தான் நல்லாப் புடிப்பான்” என்று சொல்லிவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினார்.

சனிக்கிழமை முழுவதும் ஒன்றுமில்லை. ஞாயிறு ஒரு உடைந்த துடுப்புப் பூண், ஒரு கடாய். ஒவ்வொரு முழுக்குக்கும் ஒரு சாண் அகலப் பாத்தி. மூங்கில் கழி நட்டு வரிசை வரிசையாகப் போனோம். திங்கட்கிழமை நான் மறுபடி விடுப்பு. தண்ணீர் ஏறத் தொடங்க அரை மணி இருக்கும்போது, காதில் ஒரு சிறிய, சுத்தமான ஒலி. தட்டு நகர்ந்ததும் போய்விட்டது. தட்டு திரும்ப வந்ததும் ஒலியும் வந்தது. மூன்று தடவை சுண்டினேன். அவர் மேலே வந்தார், மூச்சு வாங்கினார், அதே இடத்தில் மறுபடி இறங்கினார். தோள்வரை கையைச் சேற்றில் விட்டிருக்க வேண்டும். இழுத்துத் தூக்கியபோது அவர் நகக்கண்ணில் சாக்கு நார் சிக்கியிருந்தது.

“சுருளு” என்றார்.

நான் கத்திவிட்டேன். அவர் கத்தவில்லை. ஒரு கயிற்றை அதில் கட்டி, மறுநுனியில் காலி மண்ணெண்ணெய் டின்னை மிதவையாக விட்டார்.

“தூக்கலையா நானா?”

“நம்ம தூக்கிட்டுப் போனா, வீட்டுல ஒளிச்சதைக் கொண்டாந்து காட்டுறான்னு சொல்லுவாங்க. கெடக்கட்டும். அவங்களே வந்து சேத்தோட தூக்கட்டும்.”

மறுநாள் காலை வற்றத்துக்குத் தவுக்கேயே ஒரு தொங்காங்கில் வந்தார், ஆறு ஆட்களோடு. வெயிலுக்குக் கறுப்புக் குடை. மிதவைக் கயிற்றைப் பிடித்து ஆட்கள் இழுத்தார்கள். சேறு குமிழியிட்டுக் கலங்கி, சாக்கு சுற்றிய வட்டம் ஒன்று மெல்ல மேலே வந்தது. கப்பல் முத்திரை அழியாமல் இருந்தது. தவுக்கே குடையை மடக்கினார். கையால் சேற்றை வழித்துப் பார்த்தார். அதே இடத்தைச் சுற்றி ஆட்கள் ஆழமாகக் கொக்கி போட்டு இழுத்ததில் இன்னும் இரண்டு வந்தன. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. மீதியையும் இறங்கிக் காட்டச் சொல்லித் தவுக்கே நானாவைக் கேட்டார். குரல் தணிவாகவே இருந்தது.

நானா மலாயில் பதில் சொன்னார்: “நான் தண்டல், முங்குற ஆளு இல்ல. இடம் காட்டியாச்சு. மிஷின் ஈக்கிது, எடுத்துக்கங்க. எனக்கு வேண்டியது வேற.”

“என்ன வேண்டும்?”

“நீங்க அந்த வார்த்தையைச் சொன்னது இங்க இல்ல. படித்துறையில.”

தவுக்கே தலையசைத்தார். ஆட்களைப் படகை ஆற்றுப் பக்கம் திருப்பச் சொன்னார்.

படித்துறையில் அப்போது வேலை நடந்துகொண்டிருந்தது. தவுக்கே படியேறி நின்று, மூட்டையோடு நடந்தவர்களைக் கையால் நிறுத்தினார். அவர்கள் சுமையை இறக்காமல் அப்படியே நின்றார்கள். சேறு ஒட்டிய மூன்று சுருள்களும் படியில் கிடந்தன.

“சாமான் கடலில்தான் இருந்தது. இவர் எடுக்கவில்லை. நான் சொன்னது தப்பு” என்றார் மலாயில். ஒரே மூச்சில், உரக்க.

ஒரு கிழட்டுத் தொழிலாளி தோளில் மூட்டையோடு நானாவைப் பார்த்து வாய்கொள்ளாமல் சிரித்தார். நானா கைலியின் நுனியைப் பிழிந்து உதறினார். அவர் கண் தவுக்கேயிடம் இல்லை. கட்டிப்போட்டிருந்த தன் படகில் இருந்தது. ஏழு வாரமாக வேறு ஆள் ஓட்டிய படகு.

“சரி தவுக்கே. நாளைக்குக் கப்பல் உண்டா?”

“உண்டு. அரிசி.”

“அப்ப விடியக்காலை தண்ணிக்கே படகை எடுக்கணும்” என்று சொல்லிவிட்டு, படகுக்குள் இறங்கி, பலகைச் சந்துகளில் எங்கெல்லாம் குங்கிலியம் விட்டிருக்கிறது என்று விரலால் தடவிப் பார்க்கத் தொடங்கினார்.